பயந்த பிள்ளையிடம் பிரம்பை நீட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்களின் போக்கு குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மைக் காலமாக வெளியாகிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். வகுப்பில் அடங்காத பிள்ளைகள், ஆசிரியரை எதிர்த்துப் பேசும் பிள்ளைகள், சின்னச் சீண்டலுக்கே கைநீட்டிவிடும் பிள்ளைகள் என்று மனம் வருந்தி எழுதுகிறவர்களில் பலர், கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: ஆசிரியர் கையில் பிரம்பைத் திரும்பக் கொடுங்கள். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியும் தவறாமல் கூடவே வருகிறது. எழுதியவர்களில் சிலர் என்னைப் போலவே ஆசிரியர் பணியில் இருந்தவர்கள் என்பது தெரிகிறது. ஐம்பது அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கட்டி மேய்த்தவர்களின் அலுப்பு எனக்கும் புதிதல்ல. ஆனால் கடலூர் மாவட்டத்துக் கடலோரப் பள்ளிகளில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இந்தக் கோரிக்கை மூளையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றோடு ஒத்துப்போகிறதா என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

மனிதக் குழந்தை பிறக்கும்போது அதன் மூளை, வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழக் கால் பங்கு எடைதான் இருக்கும். இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கை எட்டி, ஆறு வயது வாக்கில் 90 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. இந்தக் காலத்தில் நரம்பு செல்களுக்கிடையே தேவைக்கு மேல் இணைப்புகள் உண்டாகி, பிறகு அன்றாடம் பயன்படுபவை வலுப்பெறுகின்றன, பயன்படாதவை களையப்படுகின்றன. எது பயன்படும், எது பயன்படாது என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அந்தப் பிள்ளை வளரும் வீட்டுக்கு உண்டு. மழலைக்கு மறுமொழி கிடைக்கும் வீட்டில் பேச்சுக்கான இணைப்புகள் தடிக்கின்றன. எந்த நேரம் யார் கத்துவார்கள் என்று தெரியாத வீட்டில், ஆபத்தை நுகர்ந்து அறிவதற்கான இணைப்புகள் தடிக்கின்றன. ஆத்திரத்தை அடக்குவது, விளைவை எண்ணிப் பார்ப்பது, ஒன்றைத் திட்டமிட்டு முடிப்பது ஆகியவற்றுக்குப் பொறுப்பான நெற்றிப்பகுதி மூளையோ எல்லாவற்றிலும் கடைசியாக, இருபது வயதையும் தாண்டி இருபதுகளின் நடுப்பகுதியில்தான் முதிர்ச்சி பெறுகிறது. ஆகவே, பதின்மூன்று வயதுப் பையனிடம் நாம் எதிர்பார்க்கும் அடக்கம், அவன் தலைக்குள் இன்னும் கட்டுமானத்தில் இருக்கும் ஒரு பகுதியின் வேலை.

அந்தக் கட்டுமானக் காலத்தில் அச்சம் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மூளையின் ஆழத்தில், இரு பக்கமும் பாதாம் பருப்பு அளவில், அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது அதுதான். அது உசுப்பியதும் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு இரு வழிகளில் செய்தி போகிறது: நரம்பு வழியே போகும் செய்தியால் அட்ரினலினும், மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி என்று வரிசையாக இறங்கும் செய்தியால் கார்டிசாலும் சுரந்து இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் மந்தமாகிறது, நிதானமாக யோசிக்கும் நெற்றிப்பகுதி ஒதுங்கி வழிவிடுகிறது. பாம்பைக் கண்டவன் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. ஆபத்து நீங்கிய பிறகு, நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் உள்ள ஏற்பிகள் கார்டிசாலின் அளவை உணர்ந்து 'போதும்' என்று அறிவிக்க, உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

இங்கே கடலூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்வது எளிது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகுகள் கரையேறிவிடும். கூண்டை இறக்கும் வரை தொழில் இல்லை. இறக்குவதற்கு ஆளில்லாமல் ஆண்டு முழுவதும் கூண்டு ஏறியே கிடக்கும் துறைமுகத்தில் ஒரு படகும் கடலுக்குப் போகாது. தினமும் அடிதடியும் வசவும் பார்த்து வளரும் பிள்ளையின் உடலில் இந்தக் கூண்டு இறங்குவதே இல்லை. அத்தகைய பிள்ளைகளில் அமிக்டலா சிறு தூண்டலுக்கும் துள்ளுகிறது. நீண்ட நாள் கார்டிசாலில் ஊறிய ஹிப்போகாம்பஸ் மெலிகிறது. அடக்கி ஆள வேண்டிய நெற்றிப்பகுதியின் பிடி தளர்கிறது. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் மார்ட்டின் டெய்ச்சரும் அவருடைய குழுவினரும் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட 193 பேரின் மூளையை ஸ்கேன் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் ஹிப்போகாம்பஸில் சில பகுதிகள் மற்றவர்களைவிடச் சிறுத்திருந்ததைக் காட்டினார்கள். பெற்றோரின் கொடுஞ்சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்களிடம் மொழியோடு தொடர்புடைய நரம்புப் பாதைகளிலும், வீட்டில் அடிதடியைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்களிடம் பார்வையோடு தொடர்புடைய பாதைகளிலும் மாற்றங்கள் இருந்ததையும் அதே குழு பதிவு செய்திருக்கிறது. அடித்தால்தான் கொடுமை, திட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு இது பதில். இந்த மாற்றங்களை டெய்ச்சர் வெறும் பழுது என்று பார்ப்பதில்லை. ஆபத்தான வீட்டில் உயிர் பிழைப்பதற்காக மூளை தன்னைத் திருத்திக்கொண்ட விதம் என்கிறார். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. வீட்டில் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிய அதே திருத்தம்தான் வகுப்பில் அவனைக் 'கெட்ட பிள்ளை' ஆக்குகிறது.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கதவோரம் தவிர வேறெங்கும் உட்கார மாட்டான். நடுவில் உட்கார வைத்தால் பாதிப் பாடவேளையும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பான். பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால், தொட்டவன் யாரென்று பார்ப்பதற்கு முன்பே கை போய்விடும். கவனம் இல்லாத பையன் என்று மதிப்பெண் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். உண்மையில் அவனைவிடக் கவனமான பிள்ளை அந்த வகுப்பில் இல்லை. அந்தக் கவனம் முழுவதும் ஆசிரியரின் கை எங்கே போகிறது, குரல் ஏறுகிறதா, வராந்தாவில் நடப்பது யார் என்பதில் இருந்தது. உடன் பணியாற்றிய தமிழாசிரியை அவனைக் கடைசி பெஞ்சில், முதுகு சுவரில் படும்படி, கதவு கண்ணுக்குத் தெரியும்படி உட்கார வைத்தார். அவன் பக்கம் போவதற்கு முன் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான் செய்தார். அந்தப் பருவம் முடிவதற்குள் கைகலப்பு நின்றுபோனது. படிப்பில் அவன் முதல் மாணவனாகிவிடவில்லை. ஆனால் பள்ளியை விட்டு நிற்கவும் இல்லை.

இன்னொரு மாணவி காலையில் முதல் இரண்டு பாடவேளையும் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தாள். மதிய உணவு நேரத்தில் தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது, சோற்றைப் பிசைந்தபடியே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "நான் முழிச்சிட்டிருந்தா எங்கப்பா அம்மாவ அடிக்க மாட்டாரு டீச்சர்." பத்து வயதுப் பெண் இரவெல்லாம் தாய்க்குக் காவல் இருந்துவிட்டு வந்து, பகலில் பள்ளியில் கண் அயர்ந்திருக்கிறாள். அவளைப் பிரம்பால் எழுப்புவது எந்த வகையில் கல்வியாகும் என்று கடிதம் எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த மாவட்டத்தில் குழந்தைகளின் மன அதிர்ச்சி என்றாலே பலருக்கும் 2004 டிசம்பர் 26 சுனாமிதான் நினைவுக்கு வருகிறது. அது இயல்பே. தேவனாம்பட்டினத்திலிருந்து சாமியார்பேட்டை, கிள்ளை வரை அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அலை கொண்டுபோனவர்களில் குழந்தைகள் எத்தனையோ பேர். பெற்றோரை இழந்து அரசு இல்லத்துக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அதன் பிறகும் இயற்கை நம்மைச் சும்மா விடவில்லை. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் வெள்ளம் வந்தது. 2024 நவம்பர் இறுதியில் 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருகி ஊர்களுக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் படகு, வலை, குடிசை, கறவை மாடு, பயிர் என்று சேதக் கணக்கு எடுக்கப்பட்டு நிவாரணம் வழங்கப்படுகிறது. குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகமும் சீருடையும் கிடைக்கின்றன.

ஆனால் ஆய்வுகளும் என் அனுபவமும் ஒன்றுசேர்ந்து சொல்வது சற்று வேறு. ஒரே ஒரு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்த குழந்தைகளில் பெரும்பாலோர், அரவணைக்கும் பெரியவர்கள் உடனிருந்தால், சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். இடி இடித்தால் ஓடி ஒளிவது, இரவில் படுக்கையை நனைப்பது, கடலைப் பார்க்க மறுப்பது எல்லாம் மெல்ல மெல்லக் குறைகின்றன. தேறாமல் போகிறவர்கள் யார் என்று பார்த்தால், அலைக்கு முன்பும் பின்பும் வீட்டுக்குள் ஓயாத அடிதடியைச் சந்தித்தவர்களே அவர்களில் அதிகம். இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, போர், சுனாமி, குடும்ப வன்முறை மூன்றையும் ஒருசேர ஆராய்ந்தது. இவை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரச் சேரக் குழந்தையின் மனக்காயம் ஆழமாவதையும், தந்தையின் குடிப்பழக்கத்துக்கும் குழந்தை வீட்டில் படும் அடிக்கும் தொடர்பு இருப்பதையும் அது காட்டியது. நம்மோடு மொழியாலும் கடலாலும் நெருங்கிய பிள்ளைகள் அவர்கள். கடலூர் வேறாக இருக்கும் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை.

பேரிடரே வீட்டுக்குள் வந்து வன்முறையாக உருமாறுவதும் உண்டு. படகு போனவர் கடன் வாங்குகிறார். மரம் போனவர் நிலத்தை அடகு வைக்கிறார். கடன் முற்றினால் குடி முற்றுகிறது. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் புதுச்சேரி எல்லைக் கடைகள் காத்திருக்கின்றன என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்கள். மீன் வளத்துக்கு அது அவசியம் என்பதை அறிவியல் படித்த நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் பெரும்பகுதி பள்ளிக் கோடை விடுமுறையும் கூட என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. வருமானம் இல்லாமல் தந்தை வீட்டில். பள்ளி இல்லாமல் பிள்ளையும் வீட்டில். மதிய உணவும் இல்லை, முகம் பார்த்து 'என்ன ஆச்சு' என்று கேட்க ஆசிரியரும் இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் சில பிள்ளைகள் ஏன் அப்படி மிரண்ட முகத்தோடு வருகிறார்கள் என்பதைக் கடற்கரைப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். செங்கல் சூளைக்கோ வெளியூர்க் கூலி வேலைக்கோ போன பெற்றோர் பாட்டியிடம் விட்டுச் சென்ற பிள்ளைகளின் கதை வேறு மாதிரி. அங்கே அடி இல்லை, பேச்சுத்துணையும் இல்லை.

இனி பிரம்புக்கு வருகிறேன். வீட்டில் ஏற்கெனவே கூண்டு ஏறிக்கிடக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் இன்னோர் எச்சரிக்கை ஏற்றுவதைத் தவிரப் பிரம்பு எதையும் செய்வதில்லை. அடிக்குப் பயந்து பிள்ளை அமைதியாகிறான் என்பது உண்மை. உறைந்துபோன அந்த அமைதியில் நெற்றிப்பகுதி மூளை வேலை செய்வதில்லை, பாடம் ஏறுவதில்லை. 'சாதாரண அடி'தானே என்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான கொடுமைக்கு ஆளானவர்களைத் தவிர்த்துவிட்டு, மற்றப்படி பெற்றோரிடம் அடி வாங்கிய பிள்ளைகளையும் வாங்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். மொத்தம் 147 சிறுவர்கள். அச்சம் நிறைந்த முகங்களின் படங்களைக் காட்டியபோது, அடி வாங்கியவர்களின் மூளையில் ஆபத்தைக் கவனிக்கும் பகுதிகள் கூடுதலாகத் தூண்டப்பட்டன. கடுங்கொடுமையைக் கண்ட பிள்ளைகளிடம் காணப்படும் அதே வகை மாற்றம், அளவில் மட்டும் வேறுபாடு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009இலேயே பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்தது. ஏதோ மேல்தட்டுக் கருணையால் வந்த சட்டம் என்று அதைக் கேலி பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

'நாங்களும் அடி வாங்கித்தான் படித்தோம், கெட்டா போனோம்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கெட்டுப்போகாதவர்கள்தான் கேட்கிறார்கள். அடிக்குப் பயந்து ஆறாம் வகுப்போடு நின்று ஐஸ் கம்பெனிக்கும் முந்திரி உடைக்கவும் போனவர்கள் நாளிதழுக்குக் கடிதம் எழுதுவதில்லை.

சிறுவயதுத் துன்பம் எத்தனை தூரம் கூட வருகிறது என்பதற்கு ஆதாரம் குவிந்து கிடக்கிறது. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா என்ற இரு மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் பெயர் பெற்றது. உடல் பருமனுக்குச் சிகிச்சை பெற வந்தவர்கள், எடை நன்றாகக் குறைந்துவரும் நேரத்தில் பாதியில் நின்றுவிடுவது ஏன் என்று ஃபெலிட்டி தோண்டிப் பார்த்தபோது, பலரின் இளமையில் பாலியல் கொடுமை இருந்தது தெரியவந்தது. அதிலிருந்து பிறந்த ஆய்வு அது. அடி, வசவு, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் ஒருவர் மனநோயாளியாகவோ சிறையிலோ இருத்தல் போன்றவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிடக் குடிக்கு அடிமையாதல், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. இதய நோய், நுரையீரல் நோய் போன்றவையும் அந்தப் பட்டியலில் இருந்தன என்பது பலரை வியக்க வைத்தது.

அது அமெரிக்காவின் கதை என்று ஒதுக்க வழியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உலக மனநல ஆய்வுத் திட்டத்தின் கீழ் 21 நாடுகளில் 51,945 பேரிடம் திரட்டிய தகவல்களை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரை, மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் சிறுவயதுத் துன்பங்களோடு தொடர்புடையவை என்று மதிப்பிட்டது. அதில் இந்தியாவின் சார்பில் இடம்பெற்ற பகுதி எது தெரியுமா? நமக்கு அடுத்த வீடான புதுச்சேரி. வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி, 14 வயதுக்குள் தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதாவது, பின்னாளில் மனநல மருத்துவரிடம் போய் நிற்கப்போகிறவர்களில் பாதிப் பேரின் நோய், நம் நடுநிலைப் பள்ளி வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும்போதே அரும்பிவிடுகிறது.

எலிகளில் தாயின் அரவணைப்பு குட்டிகளின் மரபணுச் செயல்பாட்டையே மாற்றுவதைக் கனடாவின் மெகில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் 2004இல் காட்டினார்கள். அதை வைத்து 'பரம்பரை பரம்பரையாகச் சாபம் தொடர்கிறது' என்ற அளவுக்குச் சமூக வலைதளங்களில் எழுதுகிறார்கள். மனிதர்களைப் பொறுத்தவரை அவ்வளவு தூரம் போக இன்னும் ஆதாரம் போதாது.

அதேபோல, நான்கு துன்பம் கண்டவன் தேற மாட்டான் என்று முத்திரை குத்துவதும் தவறு. இந்த எண்ணிக்கை ஒரு மக்கள் தொகையின் நிலையைக் காட்டுவதற்கு உதவுமே தவிர, ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல உதவாது என்று ராபர்ட் அண்டாவே 2020இல் எழுதியிருக்கிறார். பள்ளிதோறும் படிவம் கொடுத்து 'உன் அப்பா குடிப்பாரா' என்று கணக்கெடுக்கும் யோசனை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து கைவிட வேண்டும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை நடுத்தர வயது வரை பின்தொடர்ந்த எம்மி வெர்னர், வறுமை, குடி, குடும்பச் சிதைவு எல்லாம் ஒருசேர வாய்த்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்ததைக் கண்டார். அப்படித் தலையெடுத்தவர்களின் வாழ்க்கையில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, பெற்றோராகவே இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் உடனிருந்தது.

காலமும் முக்கியம். ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில், காப்பகங்களில் தொட்டுத் தூக்க ஆளில்லாமல் கிடந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூவரும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். காப்பகத்திலேயே இருந்தவர்களின் மூளை மின்னலைகள் மந்தமாக இருந்தன, அறிவுத்திறனும் பின்தங்கியிருந்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் முன்னேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே தேறினார்கள். பேரிடரோ வறுமையோ வந்ததும் பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் நம் வழக்கத்தை இது கேள்விக்குள்ளாக்குகிறது. உறவினர் வீட்டிலேயே வைத்து வளர்க்க உதவித்தொகை கொடுப்பது, கட்டடம் கட்டுவதைவிட நல்லது.

மருத்துவம் குறித்தும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பிள்ளை இரவில் அலறினால் 'பயந்திருக்கான், மந்திரிச்சிட்டு வா' என்பார்கள். கோயில் பூசாரி வேப்பிலை வீசுகிறார். தர்காவில் பெரியவர் ஓதி ஊதித் தண்ணீர் தெளிக்கிறார். நான் இதை இழித்துப் பேச மாட்டேன். தாயின் மடியில் உட்கார்ந்து, ஒரு முதியவரின் மெல்லிய குரலைக் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடம் பிள்ளை நிதானமாக மூச்சு விடுகிறது. அன்றிரவு தூங்கியும் விடுகிறது. ஆனால் ஒரு மாதம் கடந்தும் அலறல் நிற்கவில்லை என்றால், பார்த்த காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது என்றால், பேச்சைக் குறைத்துக்கொண்டது என்றால், கையைக் கீறிக்கொள்கிறது என்றால், அதற்கு மேல் தாயத்தை நம்பியிருக்கக் கூடாது. அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளுக்கென்றே வகுக்கப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்ததைப் பிள்ளை தன் வேகத்தில், படம் வரைந்தோ சொல்லியோ கோவையாக்கிக்கொள்ள அது உதவுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாத்திரை தேவைப்படுவதில்லை. இவ்வளவு இருந்தும் வருகிறவர்கள் குறைவு. 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலக் கோளாறு உள்ளவர்களில் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலேயே இருப்பதாகக் கண்டது. கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். ஆனால் ஒரு நாள் கூலி, பேருந்துக் காசு, அக்கம்பக்கத்துப் பேச்சு மூன்றையும் தாண்டித்தான் ஒரு தாய் அங்கே போய்ச் சேர முடியும்.

ஆகவே சிகிச்சையைப் பிள்ளை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் ஏற்கெனவே மருத்துவக் குழு வண்டியில் வருகிறது. பல், கண், இரத்தசோகை பார்க்கிறது. தூக்கம், திடீர் பயம், படுக்கை நனைத்தல், பேச்சுக் குறைவு பற்றித் தாயிடமும் ஆசிரியரிடமும் நான்கு கேள்விகள் கேட்க அந்தக் குழுவுக்குப் பயிற்சி தரலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாதத்தில் ஒரு நாளாவது கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில், குழந்தைகளுக்கென்றே உட்காரலாம். ஆசிரியர் பயிற்சியில் கற்பித்தல் உபகரணம் செய்வதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்கலாம். மனநல ஆலோசகர் ஆகிவிடுவதற்காக அல்ல, கதவோரம் உட்காரும் பையனை அடையாளம் காண்பதற்காக. பாலியல் கொடுமை தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் சொல்வதை 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும்' என்று மூடி மறைக்கும் தலைமை ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் மாவட்ட நிர்வாகம் ஆயத்தக் கூட்டம் நடத்துகிறது. மணல் மூட்டை, படகு, ஜெனரேட்டர், ஜே.சி.பி. எல்லாம் கணக்கிடப்படுகின்றன. அந்தப் பட்டியலில், ஒவ்வொரு நிவாரண முகாமிலும் குழந்தைகளுக்கென ஓர் அறை, அதில் அந்தப் பகுதி அங்கன்வாடிப் பணியாளர் அல்லது பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், வேளைக்கு உணவு, வேளைக்குத் தூக்கம், வேளைக்கு விளையாட்டு என்ற ஒழுங்கு ஆகியவற்றையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதே பயந்த பிள்ளைக்கு முதல் மருந்து. முகாமில் குடித்துவிட்டு வருகிறவர்களைக் குடும்பங்கள் தங்கும் கூடத்துக்குள் அனுமதிக்காமல் இருக்க ஒரு காவலர் போதும். தடைக்கால நிவாரணத் தொகையைக் குடும்பத் தலைவியின் கணக்கில் செலுத்தலாமா என்பதையும் மீன்வளத் துறை பரிசீலிக்க வேண்டும். கோடை விடுமுறையில் கடற்கரைக் கிராமங்களிலாவது மதிய உணவும் ஒரு விளையாட்டு ஆசிரியரும் கிடைக்கச் செய்வதைப் பள்ளிக் கல்வித் துறை பரிசீலிக்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. கொடுமைக்கு ஆளான குழந்தை பற்றிய செய்தியில் பெயரை மறைத்துவிட்டு, தெரு, பள்ளி, தந்தையின் தொழில் எல்லாவற்றையும் அச்சிட்டுவிடுகிறீர்கள். சின்ன ஊரில் அது பெயரை எழுதுவதற்குச் சமம், சட்டப்படியும் குற்றம். மற்றொன்று, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான 'டெலி மனாஸ்' எண் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை, இரவிலும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம். தங்கம் விலையும் அணை நீர்மட்டமும் வெளியாகும் அந்தச் சிறு கட்டத்துக்குக் கீழே, கடலூர்ப் பதிப்பில் மட்டுமாவது, இந்த இரு எண்களையும் நாள்தோறும் அச்சிட முடியுமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
கடலூர் முதுநகர்.